‘பகல்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் ஐந்து வயது மகள் மாலையானால் மொட்டைமாடியை விட்டு இறங்க மறுக்கிறாள், சூரியன் ராத்திரியில் எங்கே போகிறது என்று தினமும் கேட்கிறாள், ஆனால் எழுத்துப் பயிற்சி நோட்டைத் திறந்தால் அழத் தொடங்கிவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் எழுத்துகளையும் விண்வெளியையும் கையால் செய்யும் வேலைகள் வழியாகவே சொல்லிக்கொடுக்க முடியுமா, அதற்கென்று கடைகளில் விற்கும் விலை கூடிய பெட்டிகளை வாங்க வேண்டுமா, இந்த வயதுக்கு விண்வெளி அதிகப்படியானதா என்பவை உங்கள் கேள்விகள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளியில் முதல் இரண்டு வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முடியும், பெட்டி எதுவும் வேண்டாம், விண்வெளி அதிகப்படியானது அல்ல, ஆனால் அதில் எந்தப் பகுதியை இப்போது தொடுவது, எதைத் தள்ளிவைப்பது என்பதில் கவனம் வேண்டும்.

முதலில் ஒரு தவறான பாதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அக்கறையுள்ள பெற்றோர்தான் அதில் அதிகம் போகிறார்கள். ‘அ’வுக்கு அண்டம், ‘ச’வுக்குச் சந்திரயான், ‘ரா’வுக்கு ராக்கெட் என்று வண்ணப்படம் போட்ட எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால் இரண்டு பாடமும் ஒன்றாக நடந்துவிடும் என்று தோன்றும். நடப்பது வேறு. குழந்தை படத்தைப் பார்த்து ‘ராக்கெட்’ என்று சொல்கிறதே தவிர, எழுத்தைப் பார்ப்பதில்லை. அந்தச் சொல்லிலோ துணைக்கால், ஒற்றைக்கொம்பு, நடுவே ஒரு மெய், கடைசியில் இன்னொரு மெய் என்று முதல் வகுப்பின் பிற்பகுதியில் வரவேண்டிய சிக்கல்கள் அனைத்தும் சேர்ந்து நிற்கின்றன. விண்வெளியைப் பற்றியும் அந்தப் படம் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டுக்கும் அடியில் இருக்க வேண்டியது ஒரே வரிசை: முதலில் கையும் கண்ணும், அதன்பின் வாய், கடைசியில் எழுத்து. குழந்தை ஒரு பொருளைத் தொட்டு, மாற்றி, அது என்ன ஆகிறது என்று பார்க்கட்டும். பார்த்ததைச் சொல்லட்டும். சொன்னதை அடையாளம் வைத்துக்கொள்ள ஓர் எழுத்து தேவைப்படும்போது அந்த எழுத்தை நாம் கொடுக்க வேண்டும். அப்படித் தேவைப்பட்டு வந்த எழுத்தைக் குழந்தைகள் மறந்து நான் பார்த்ததில்லை.

எழுத்துகளில் தொடங்குகிறேன். 247 என்ற எண்ணைக் கேட்டு அஞ்ச வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மிச்சமுள்ள 216-உம் இவற்றின் சேர்க்கை. உ, ஊ வரிசையில் உருவங்கள் பலவாறு மாறுவதைத் தவிர, மற்றவை ஒரே அடையாளங்கள் திரும்பத் திரும்ப வருபவைதான். அகர வரிசையில்தான் எழுதத் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. அகர வரிசை வாயால் பாடுவதற்கு மிக அழகானது. கைக்கு அது கடினமானது. சுழியும் வளைவும் நேர்கோடும் கலந்த ‘அ’வையும், சுழிமேல் சுழியாக வரும் ‘இ’யையும் முதல் நாளே எழுதச் சொல்வது விரல் தசை முதிராத குழந்தைக்குத் தண்டனை. ஆகவே வாய்க்கு அகர வரிசையும் கைக்கு வடிவ வரிசையும் என்று இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். ‘ட’ என்பது கீழே இறங்கி வலப்பக்கம் போகும் கோடு. அதே கோட்டை மேலே ஏற்றினால் ‘ப’. ‘ப’வின் வலக்காலை உள்ளே வளைத்தால் ‘ம’. இந்த மூன்றோடு வ, க, ல ஆகிய மூன்றைச் சேர்த்துவிட்டால் உங்கள் மகளுக்கு ஆறு எழுத்துகள் ஆயின. கூடவே புள்ளி வைக்கத் தெரிந்தால் படம், பட்டம், கல், கடல், வட்டம், பகல் என்று ஒரு சிறிய உலகமே அவள் கையில் இருக்கும். வட்டமும் கல்லும் பகலும் விண்வெளிச் சொற்கள்தான். எந்தக் கொம்பும் காலும், ‘கி’யின் மேல் வரும் வளைவான விலங்கும் இல்லாத ‘பகல்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லை நான் எப்போதும் முதலில் வைப்பதற்கு அதுவே காரணம்.

நோட்டும் பென்சிலும் சில வாரங்களுக்கு வேண்டாம். பெயின்ட் கடையில் உப்புத்தாள் கிடைக்கும். மிகவும் முரடாக இல்லாததாகப் பார்த்து வாங்கி, அதில் ஒரு சாண் உயரத்துக்கு எழுத்துகளை வெட்டி, தடித்த அட்டையில் ஒட்டுங்கள். உயிரெழுத்து அட்டைகள் ஒரு நிறத்திலும் மெய்யும் உயிர்மெய்யும் வேறு நிறத்திலும் இருக்கட்டும். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவிக்கொண்டு, அந்த ஒலியை மட்டும் சொல்ல வேண்டும். இது இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி வகுத்த முறை. 1907-இல் உரோமில் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். அண்டம், பூமி, உயிர்கள், மனிதர் என்ற முழுமையைக் குழந்தைக்கு முதலில் காட்டிவிட்டுப் பகுதிகளுக்குப் போக வேண்டும் என்ற அவருடைய எண்ணம் விரிவு பெற்றது அந்தக் காலத்தில்தான். அதே கொடைக்கானலில் 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டறிந்தது அங்கேதான். எழுத்தைத் தடவச் சொல்லிக்கொடுத்தவரும் சூரியனைப் படம்பிடித்தவர்களும் ஒரே மலையில் இருந்தார்கள் என்பதை நான் ஒவ்வொரு முறை கொடைக்கானல் போகும்போதும் நினைத்துக்கொள்வேன்.

உப்புத்தாள் கிடைக்காவிட்டால் மணல் போதும். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியதும், விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில் எழுதுவதும் நமக்குப் புதியவை அல்ல. அந்த வழக்கத்தில் நாம் விட்டுவிட்டது ஒன்றுதான்: அரிசித் தட்டை ஒரு நாளோடு எடுத்து வைத்துவிட்டு மறுநாளே கோடு போட்ட நோட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தத் தட்டு ஆறு மாதம் வீட்டில் கிடக்கட்டும்.

புள்ளியைக் கற்பிக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மெய்யெழுத்தின் இயல்பு புள்ளியோடு நிற்பது என்று தொல்காப்பியமே சொல்கிறது. அந்த நுட்பத்தைக் குழந்தைக்கு விளக்க இலக்கணம் தேவையில்லை, ஒரு மஞ்சாடி விதை போதும். ‘ம’ அட்டையை வைத்து ‘மஅஅஅ’ என்று வாய் திறந்து நீட்டச் சொல்லுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும்போதே எழுத்தின் தலைமேல் விதையை வையுங்கள். விதை உட்கார்ந்ததும் உதடு மூடிவிட வேண்டும். ‘ம்ம்ம்’ என்று முனகல் மட்டும் மிஞ்சும். விதையை எடுத்தால் வாய் திறந்துகொள்ளும். இதைப் பத்து முறை விளையாடிய குழந்தை, ‘கல’ என்று இரண்டு அட்டைகளை வைத்து, இரண்டாவதன்மேல் தானாகவே விதையைத் தூக்கி வைத்துக் ‘கல்’ என்று படிக்கும். அந்த நொடியில் அதன் முகத்தைப் பாருங்கள்.

இனி விண்வெளி. சூரியன் ராத்திரியில் எங்கே போகிறது என்று கேட்கிறாளே, அந்தக் கேள்விக்கான விடையை அவள் உடம்பாலேயே கண்டுபிடிக்கலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் மேசை விளக்கை எரியவிடுங்கள். அவள் நெற்றியில் ஒரு பொட்டு வையுங்கள். அதுதான் நம் ஊர். விளக்கைப் பார்த்து நின்றால் நம் ஊருக்கு நண்பகல். இப்போது நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். விளக்கு அவளுடைய வலக்கைப் பக்கம் போய் மறையும், முதுகு விளக்குக்கு வந்தால் நள்ளிரவு, தொடர்ந்து திரும்பினால் இடக்கைப் பக்கத்திலிருந்து விளக்கு மறுபடி வரும். இடக்கை கிழக்கு, வலக்கை மேற்கு. சூரியன் எங்கும் போகவில்லை, நாம்தான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம் என்று அவளே சொல்லிவிடுவாள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். திரும்பும் திசை முக்கியம். வலப்பக்கம் திரும்பினால் சூரியன் மேற்கில் உதித்துவிடும். இந்த விளையாட்டு நன்றாகப் பழகிய பின், ‘பகல்’ என்று எழுதிய அட்டையை விளக்குப் பக்கச் சுவரிலும் ‘இரவு’ என்று எழுதியதை எதிர்ச் சுவரிலும் அவளே ஒட்டட்டும். ‘இரவு’ அவளுக்கு எழுத வராது என்றால் நீங்கள் எழுதிக்கொடுக்கலாம். அதில் குறை எதுவும் இல்லை.

அடுத்தது நிழல். நான் பள்ளியில் நடத்தியவற்றில் எனக்கு மிகப் பிடித்த பாடம் இதுதான். வெயில் விழும் தரையில் ஒரு சிறிய மண்சட்டியில் மணலை நிரப்பி, நேரான குச்சி ஒன்றை நட்டு, காலை எட்டு மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியால் ஓர் அடையாளம் போட வேண்டும். ஒவ்வோர் அடையாளத்துக்கும் பக்கத்தில் குழந்தை ஏதாவது எழுத வேண்டும்: எண், எழுத்து, படம், எதுவானாலும் சரி. ஒருமுறை என் வகுப்பில் எழுதவே மறுத்த ஒரு சிறுமி, நண்பகலில் மிகக் குட்டையாகப் போன நிழலின் பக்கத்தில் மண்டியிட்டு ‘பகல்’ என்று எழுதினாள். அது அவளுக்குத் தெரிந்த சொல். சற்று நேரம் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதுக்கு என்ன எழுதணும் டீச்சர்?” என்று நிழலைத் தொட்டுக் கேட்டாள். ‘நி’யை மட்டும் எழுதிக் காட்டினேன். அவள் அதன் பக்கத்தில் ‘லல்’ என்று சேர்த்து ‘நிலல்’ ஆக்கினாள். நான் அழிக்கவில்லை. ‘நிழல்’ என்று மெதுவாகச் சொல்லி, என் நாக்கு எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னேன். மறுநாள் காலை பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன்பே ஓடிவந்து, “டீச்சர், நாக்கு உள்ள மடங்குது! அது வேற எழுத்து!” என்றாள். அன்று அவளுக்கு ‘ழ’ கிடைத்தது. ல, ள, ழ வேறுபாட்டை நோட்டில் நாலு பக்கம் எழுத வைத்துக் கற்பிக்க நான் அதற்கு முன் பல ஆண்டுகள் முயன்றிருக்கிறேன். அந்த ஆண்டுக்குப் பிறகு அப்படி எழுத வைத்ததில்லை.

நிழல் விளையாட்டுக்கு நம் ஊர்களுக்கென்றே வாய்த்த ஒரு நாள் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும்போது, நிமிர்ந்து நிற்கும் குச்சிக்குப் பக்கவாட்டில் நிழலே விழாது. கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நமக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு டெல்லியில் இருப்பவர்களுக்கு ஒருநாளும் கிடைக்காது. ஏப்ரல் 10 வாக்கில் கன்னியாகுமரியில் தொடங்கி நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து 24 வாக்கில் சென்னைக்கு வரும். ஆகஸ்டு 18 வாக்கில் சென்னையில் தொடங்கித் திரும்பத் தெற்கே இறங்கும். கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நடப்பதில்லை. சென்னையில் சில நிமிடங்களும் கோவையில் இருபது நிமிடம் போலவும் தாண்டி நடக்கும். அன்று அவளுடைய நிழல் அவள் காலடியிலேயே ஒடுங்கிக் கிடப்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே ‘வட்டம்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

நிலாவுக்கு வருவோம். இங்கே ஓர் எச்சரிக்கை. பிறை வளர்வதும் தேய்வதும் பூமியின் நிழலால் என்று பெரியவர்களிலேயே பலர் நம்புகிறார்கள். அது கிரகணத்துக்கான விளக்கம். பிறைக்குக் காரணம், சூரிய வெளிச்சம் எப்போதும் நிலாவின் பாதிமேல் விழுந்துகொண்டிருக்க, அந்தப் பாதியில் எவ்வளவு பங்கு நம் பக்கம் தெரிகிறது என்பது மாறுவதே. ஒரு குச்சியில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதே மேசை விளக்கின் முன் இடப்பக்கமாகச் சுற்றினால் பழத்தின்மேல் பிறை, அரைவட்டம், முழுவட்டம் எல்லாம் வரிசையாக வந்து போகும். விளக்கு முதுகுப்பக்கம் இருக்கும்போது பழத்தைத் தலைக்கு மேலே சற்று உயர்த்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையின் நிழல் விழுந்து அது கிரகணமாகிவிடும். ஐந்து வயதில் இது விளையாட்டாக இருந்தால் போதும். காரணத்தை வாயால் சொல்ல வைக்க இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருங்கள்.

ஆனால் பார்ப்பதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய தாளின் அடியில் உங்கள் மாடியிலிருந்து தெரியும் தென்னை, தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீடு ஆகியவற்றை மேற்கிலிருந்து கிழக்கு வரை வரைந்துகொள்ளுங்கள். தினமும் மாலை ஒரே நேரத்தில் நிலா எதன்மேல் நிற்கிறது, என்ன வடிவில் இருக்கிறது என்று அவள் வரையட்டும். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால், நேற்று இருந்த இடத்திலிருந்து இன்று ஒரு முட்டிக்குச் சற்றுக் கூடுதலாக நிலா கிழக்கே நகர்ந்திருக்கும். பெரியவர் கையானாலும் குழந்தைக் கையானாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் சிறிய முட்டிக்குச் சிறிய கை. மேற்கே மெல்லிய பிறையாகத் தொடங்கியது பன்னிரண்டு நாள் போலக் கழித்துக் கிழக்கே முழுநிலாவாக எழும்போது தாள் நிரம்பியிருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள்: படப் புத்தகங்களில் பிறையைப் பெரும்பாலும் நிமிர்ந்து நிற்பதாகத்தான் வரைகிறார்கள், அவை குளிர்நாடுகளில் வரைந்த படங்களின் வழிவந்தவை. நம் ஊரில் மூன்றாம் பிறை பெரும்பாலும் தோணிபோல மல்லாந்துதான் கிடக்கும். உங்கள் மகள் கண்ணால் பார்த்துத் தோணியாக வரைந்தால், புத்தகத்தைக் காட்டித் திருத்திவிடாதீர்கள். ‘நிலா’ என்பது இரண்டே எழுத்து. அந்தத் தாளுக்குத் தலைப்பாக அவள் எழுதும் முதல் விலங்கும் முதல் துணைக்காலும் அதுவாக இருக்கட்டும்.

நிலாவின் பள்ளங்களைச் செய்து காட்டுவது எளிது, குழந்தைகள் விடவே மாட்டார்கள். ஓர் அகலத் தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குக் கோலமாவைப் பரப்பி, அதன்மேல் செங்கல் பொடியை மெல்லியதாகத் தூவி, இடுப்பு உயரத்திலிருந்து கோலிக்குண்டைப் போடச் சொல்லுங்கள். அடியிலுள்ள வெள்ளை மாவு கதிர்கதிராக வெளியே தெறித்து, முழுநிலாவின் தென்பகுதியில் இருநோக்கியில் (பைனாகுலரில்) தெரியும் வெள்ளைக் கோடுகளைப் போலவே கிடக்கும். மெய்யான விண்கல் துப்பாக்கிக் குண்டைவிட வேகமாக வருவதால், தோண்டும் பள்ளம் கல்லைப்போலப் பல மடங்கு பெரியதாக இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். தட்டில் அது தெரியாது. நிலாவின் வெளிர் நிறப் பகுதிகளில் உள்ள அனார்த்தசைட் என்ற பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கிறது. அதை இடித்துப் பொடியாக்கித்தான் சந்திரயான் தரையிறங்கும் கலத்துக்கும் ஊர்திக்கும் சோதனைத் தரை அமைத்தார்கள். 2023 ஆகஸ்டு 23 அன்று நிலாவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தன் வீட்டுத் தட்டில் செய்ததைப் போன்ற ஒன்றைப் பெரியவர்களும் வேலையாகச் செய்தார்கள் என்று அறிவது ஐந்து வயதுக்குப் பெரிய செய்தி.

அளவுகளைப் பற்றியும் ஒரு விளையாட்டு உண்டு. வகுப்பறைப் படங்களில் சூரியனும் கோள்களும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். அந்தப் பொய்யைப் பிற்பாடு அழிப்பது கடினம். வீட்டிலுள்ள கால்பந்தைச் சூரியன் என்று வைத்துக்கொண்டால், பூமி இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கடுகு. அந்தக் கடுகு பந்திலிருந்து ஏறத்தாழ 23 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நிலா ஒரு ரவைத் துணுக்கு, கடுகிலிருந்து 6 சென்டிமீட்டர், அதாவது நான்கு விரல் அகலம். வியாழன் ஒரு பெரிய நெல்லிக்காய், அது தெருமுனையையும் தாண்டி 120 மீட்டரில். கடுகை ஓர் அட்டையில் ஒட்டிக்கொண்டு, பந்தை வாசலில் வைத்துவிட்டு, இருவரும் எண்ணிக்கொண்டே நடந்து போங்கள். போய் நின்று திரும்பிப் பார்த்தால், நாம் வானில் பார்க்கும் சூரியன் எவ்வளவு பெரியதாகத் தெரிகிறதோ ஏறக்குறைய அதே அளவில்தான் அந்தப் பந்தும் தெரியும்.

விண்மீன்களுக்கு நமக்குக் கோலம் இருக்கிறது. புள்ளி வைத்துக் கோடு இழுப்பதைத் தினம் பார்த்து வளரும் குழந்தைக்கு, வானத்துப் புள்ளிகளை இணைத்து உருவம் காண்பது புதிய வித்தை அல்ல. மார்கழி முன்னிரவில் கிழக்கே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களையும், அவற்றைச் சுற்றியுள்ள நான்கையும், அவற்றில் சிவப்பாகத் தெரியும் திருவாதிரையையும் பார்த்துவிட்டு வந்து, மறுநாள் காலை வாசலில் அதே இடைவெளியில் ஏழு புள்ளிகளை அவள் வைக்கட்டும். அதற்கு மேற்கே ரோகிணி, இன்னும் மேற்கே கொத்தாகக் கார்த்திகை. கார்த்திகை மாதத்து முழுநிலா அந்தக் கொத்தின் அருகில் வருவதால்தான் மாதத்துக்கு அந்தப் பெயர். தீபத்தன்று நிலவொளியில் கொத்து மங்கிவிடும் என்பதால் இரண்டு மூன்று நாள் முன்பே காட்டிவிடுங்கள். புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய விரல் பென்சிலையும் உறுதியாகப் பிடிக்கும்.

‘கோள்’ என்று எழுத ஆசைப்படும் நாள் வரும்போது தமிழ் எழுத்தின் மிகக் கடினமான இடத்துக்கு வந்திருப்பீர்கள். காதில் முதலில் ‘க்’ கேட்கிறது, தாளில் முதலில் இரட்டைக்கொம்பு நிற்கிறது, ஓசையின் இன்னொரு பகுதி எழுத்தைத் தாண்டி வலப்பக்கம் போய்த் துணைக்காலாக நிற்கிறது. வீட்டில் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவள் ‘க’ அட்டையைப் பிடித்து நடுவில் நிற்கட்டும். இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். இடப்பக்கத்து ஆள் மட்டும் வந்தால் ‘கே’, வலப்பக்கத்து ஆள் மட்டும் வந்தால் ‘கா’, இருவரும் வந்தால் ‘கோ’. ஆள்கள் ஓடிவந்து நிற்பதும் விலகுவதுமாக இருக்க, அவள் ஒலியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு நடுவில் இருப்பவர் மாறி ‘ப’, ‘ம’ என்று வரலாம்.

கடைசியாக, எழுத்தும் விண்ணும் ஒரே அட்டையில் சேரும் ஒரு வேலை. வேப்பமர நிழலில் தரையில் வட்டவட்டமாக வெளிச்சம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலைகளின் இடைவெளி எந்த வடிவில் இருந்தாலும் வெளிச்சம் வட்டமாக விழுவது ஏனென்றால், அவை ஒவ்வொன்றும் சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தபோது மரத்தடி வட்டங்கள் வளையல்களாக மாறின. ஒரு தடித்த அட்டையில் ‘ப’ என்று பெரிதாக எழுதி, அந்தக் கோட்டின்மேல் ஒரு கட்டைவிரல் அகல இடைவெளி விட்டுவிட்டு ஊசியால் துளையிடுங்கள். துளையிடும் வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள். நண்பகல் வெயிலில் அட்டையைத் தரைக்கு ஒரு மீட்டர் மேலே பிடித்தால், ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள குட்டிச் சூரியன்களால் ஆன ‘ப’ தரையில் விழும். உயர்த்தினால் சூரியன்கள் பெரிதாகும், ஆனால் மங்கி ஒன்றோடொன்று கலக்கும். ‘ப’, ‘க’, ‘ல்’ என்று மூன்று அட்டைகளைச் சேர்த்துப் பிடித்தால் பகல் என்ற சொல்லைப் பகலே எழுதிக் காட்டும். இந்த வேலையில் எப்போதும் முதுகு சூரியனுக்கு, கண் தரைக்கு. துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது; எக்ஸ்ரே படம், கருக்கிய கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி எதன் வழியாகவும் பார்க்கக் கூடாது. இதில் மட்டும் விளையாட்டுக் காட்ட வேண்டாம், கண்டிப்பாக இருங்கள்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் எதையும் நீட்டாதீர்கள், அவள் எழுந்து போனால் போகவிடுங்கள். பருவங்கள் ஏன் மாறுகின்றன, ஈர்ப்பு விசை என்றால் என்ன என்பவற்றை எட்டு ஒன்பது வயதுக்குத் தள்ளிவையுங்கள். எழுத்தைத் திருப்பிப் போடுவதும் அளவு மாறுவதும் ஐந்து வயதில் இயல்பு. ஏழு எட்டு வயதிலும் தொடர்ந்தால் மட்டும் ஓர் ஆலோசகரிடம் காட்டலாம்.

எப்போது தொடங்குவது என்று கேட்டீர்களானால், நாள்காட்டியில் அடுத்த அமாவாசையைப் பார்த்து, அதிலிருந்து மூன்றாம் நாள் மாலை சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் மாடிக்குப் போங்கள். மேற்கே தாழ்வாகத் தோணி கிடக்கும், அவள் தூங்கும் நேரத்துக்கு முன்பே அதுவும் இறங்கிவிடும். தாளையும் பென்சிலையும் நீங்கள் எடுத்துச் செல்லுங்கள், சுண்ணாம்புக்கட்டியை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.